சிகிச்சை பலிக்குமா? நாயின் புற்றுக்கட்டிக்கு எந்தச் சோதனையை நம்புவது

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் ஒரு மாலை தம் ஏழு வயது லாப்ரடார் நாயை என்னிடம் கூட்டிவந்தார். கழுத்துப்பட்டை ஒரே வாரத்தில் இறுக்கமாகிவிட்டது என்பதுதான் அவர் கண்ணில் பட்ட முதல் அறிகுறி. தாடைக்கு அடியில் இரு பக்கமும், தோளுக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் என்று தொட்ட இடமெல்லாம் நெறி கட்டியிருந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, காலையில் வைத்த சோற்றையும் மிச்சமில்லாமல் தின்றிருந்தது. ஊசியில் எடுத்துப் பார்த்ததில் லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்று, என்று தெரிந்தபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "வைத்தியம் பார்த்தா இன்னும் எத்தனை நாளைக்குங்க டாக்டர்?" பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் அன்றிரவே தொலைபேசியில் அழைத்து, அமெரிக்காவில் புற்றுச் செல்களை உயிரோடு ஆய்வகத்துக்கு வரவழைத்து, எந்த மருந்து கேட்கும் என்று கணினியை வைத்தே சொல்லிவிடுகிறார்களாமே, அங்கே அனுப்பலாமா என்று கேட்டார்.

தகப்பனும் மகனும் கேட்டது ஒரே விஷயத்தைத்தான். சிகிச்சை தொடங்கும் முன்பே அதன் விளைவை அறிய இன்று பல வழிகள் இருக்கின்றன. சில நூறு ரூபாயில் அன்றைக்கே முடிவதும் உண்டு, கடல் தாண்டிப் போக வேண்டியதும் உண்டு. விலை கூடக் கூட விடையின் துல்லியமும் கூடும் என்று பலர் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் அது அப்படி இல்லை. எந்தச் சோதனையாக இருந்தாலும், அதன் விடை இப்படி வந்தால் என்ன செய்வோம், அப்படி வந்தால் என்ன செய்வோம் என்று முதலில் சொல்லிப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்தச் சோதனைக்குச் செலவிடும் பணத்தை மருந்துக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

சோதனைகளை ஒப்பிடும் முன் நாள் கணக்கைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பல நிணநீர் முடிச்சுகளில் பரவும் லிம்போமாவுக்குச் சிகிச்சையே தராவிட்டால் நாய் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் வரை இருக்கும். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் கொடுத்தால் ஒன்றிரண்டு மாதம் கிடைக்கும். வின்கிரிஸ்டின், சைக்ளோபாஸ்பமைடு, டாக்சோரூபிசின், பிரெட்னிசலோன் ஆகிய நான்கையும் முறைவைத்துத் தரும் கீமோவில் 80 முதல் 90 விழுக்காடு நாய்களுக்கு நெறி வற்றி நோய் அடங்குகிறது, சராசரி ஆயுள் ஏறத்தாழ ஓராண்டு. இங்கே சராசரி என்பது, நூறு நாய்களை அவை வாழ்ந்த நாள் கணக்கில் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் நாயின் கணக்கு. அதற்கு அந்தப் பக்கம் பாதி நாய்கள் நிற்கின்றன. இரண்டு ஆண்டைக் கடந்தவையும் ஐந்தில் ஒன்று அளவுக்கு உண்டு. இன்னொன்றையும் நான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லுகிறேன். இந்தக் கணக்குகள் பெரும்பாலும் மேலை நாடுகளில் எடுக்கப்பட்டவை. அங்கே நோய் திரும்பி நாய் துன்பப்படத் தொடங்கியதும் வீட்டார் கருணைக்கொலைக்கு ஒப்புவது வழக்கம் என்பதால், அந்த நாள் கணக்கில் நோயின் போக்கோடு வீட்டாரின் முடிவும் கலந்திருக்கிறது. நம் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் அதற்குச் சம்மதிப்பவர்கள் குறைவு. ஆகவே அந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது.

முதல் வழி மிகப் பழையது, மலிவானது, அதனாலேயே அலட்சியப்படுத்தப்படுவது: மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்ப்பது, கூடவே முழு உடல் பரிசோதனை, இரத்தம், மார்பு எக்ஸ்ரே. இவற்றைச் சரியாகச் செய்தாலே லிம்போமாவில் முன்னறிவிப்பின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடுகிறது. நாய் நோய்ப்பட்டுச் சோர்ந்து வந்ததா, பட்டறைக்காரரின் நாயைப் போல ஓடியாடிக்கொண்டு வந்ததா என்பதே ஆயுளைக் கணிசமாகப் பிரிக்கிறது. இரத்தத்தில் கால்சியம் ஏறியிருந்தால், இரத்தசோகை இருந்தால், எக்ஸ்ரேயில் நெஞ்சின் முன்பகுதியில் கட்டி தெரிந்தால் விளைவு மோசமாகும். எலும்புப் புற்றிலும் அப்படித்தான். காலை எடுத்துவிட்டு மேற்கொண்டு எதுவும் செய்யாவிட்டால் நான்கைந்து மாதம், கார்போபிளாட்டின் போன்ற மருந்தும் சேர்ந்தால் பத்துப் பன்னிரண்டு மாதம் என்பது பொதுக் கணக்கு. அந்தக் கணக்குக்குள் எந்த நாய் முன்னால் போகும், எது பின்தங்கும் என்பதை அல்கலைன் பாஸ்படேஸ் என்ற சாதாரண இரத்த அளவே ஓரளவு காட்டிவிடுகிறது. எந்த ஊர் லேபிலும் பார்க்கும் சோதனை அது.

ஆனால் 'சரியாகச் செய்தால்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. தாடை நெறி கைக்கு எளிதாக அகப்படும் என்பதால் பலரும் அங்கேயே ஊசி வைக்கிறார்கள். பல்லில் சீழ் இருந்தாலும் அந்த நெறி வீங்கும் என்பதால் சில்லு குழப்பமாகவே வரும். முட்டிக்குப் பின்னாலுள்ள நெறியில் எடுப்பது நல்லது. லிம்போமாச் செல்கள் உடையக்கூடியவை. சில்லின் மேல் சில்லை வைத்து அழுத்தி இழுத்தால் உடைந்த கருக்களின் கோடுகள்தான் மிஞ்சும். சில்லையும், திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் பாட்டிலையும் ஒரே பையில் போட்டு அனுப்பினால், ஃபார்மலின் ஆவி பட்டுச் சாயம் பிடிக்காமல் நீலக் கறையாக வருகிறது. ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த ஆறு சில்லுகளும் அப்படியே வீணாகி, நான்கு மணி நேரம் பயணம் செய்து வந்த நாய்க்கு மறுபடி ஊசி வைக்க நேர்ந்தது. மார்பு எக்ஸ்ரேயும் ஒரு படம் போதாது. இடப்பக்கம், வலப்பக்கம், நேராக என்று மூன்று வேண்டும்; கீழே அழுந்திக் கிடக்கும் நுரையீரலில் காற்று குறைந்துவிடுவதால் அங்கிருக்கும் சிறு கட்டி மறைந்துவிடும்.

நம் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. உண்ணிக் காய்ச்சல் இங்கே சர்வசாதாரணம். எர்லிக்கியா கிருமி நெறியை வீங்கவைக்கும், பிளேட்லெட்டை இறக்கும், நாயை மெலியவைக்கும். நெறி கட்டிய நாயெல்லாம் புற்று நாய் ஆகிவிடாது என்பது ஒரு பக்கம். லிம்போமாவும் உண்ணிக் காய்ச்சலும் ஒரே நாயில் இருந்துவிட்டால், சோர்வும் பிளேட்லெட் குறைவும் எதனால் வந்தவை என்று பிரிக்காமல் நோயின் நிலையைக் கூட்டி மதிப்பிட்டுவிடுவோம் என்பது மறு பக்கம். இரத்தப் பூச்சும் எர்லிக்கியா சோதனையும் முடிக்காமல் நான் எந்த முன்னறிவிப்பும் சொல்வதில்லை.

இதைவிட முக்கியமானது ஸ்டீராய்டு. வீக்கம் என்றதும் எங்கேயோ ஓர் ஊசி போட்டுவிட்டு, இரண்டு நாளில் நெறி வற்றியதும் குணமாகிவிட்டது என்று நம்பி, மூன்று வாரம் கழித்து வரும் நாய்கள் இன்னும் இருக்கின்றன. அந்த ஊசி சில்லைப் படிக்க முடியாமல் ஆக்குகிறது. செல்கள் மருந்தை வெளியே தள்ளக் கற்றுக்கொள்வதால் பின்னால் தரும் கீமோவும் குறைவாகவே கேட்கிறது. செல் எடுத்து முடிக்கும் வரை ஸ்டீராய்டு கூடவே கூடாது. இந்த ஒரு கட்டுப்பாடு எந்த விலையுயர்ந்த சோதனையைவிடவும் அதிக நாளைக் காப்பாற்றித் தரும் என்று நான் உறுதியாகச் சொல்லுவேன்.

இரண்டாவது வழி கட்டியை அறுத்தெடுத்துத் திசுவைப் பார்ப்பது. லிம்போமாவைவிட, ஒவ்வாமையில் பங்கெடுக்கும் மாஸ்ட் செல்களிலிருந்து தோலில் வரும் மாஸ்ட் செல் கட்டிக்கு இதுவே உயிர்நாடி. கைபட்டால் சிவந்து தடித்து, விட்டால் அடங்கும் அந்தக் கட்டியை ஊசியிலேயே எளிதில் அடையாளம் கண்டுவிடலாம். ஆனால் அது சாதுவானதா கொடியதா என்பதைத் திசுவின் தரம்தான் நம்பகமாகச் சொல்லும். 1984இல் வந்த பட்நாயக் முறை கட்டியை மூன்று தரமாகப் பிரித்தது. பெரும்பாலான கட்டிகள் நடுத்தரமான இரண்டில் விழுந்து, அந்த இரண்டிலேயே பத்தாண்டு வாழ்ந்த நாயும் ஆறு மாதத்தில் போன நாயும் கிடந்ததால், அறிக்கை கையில் இருந்தும் முடிவெடுக்க முடியாமல் நின்றோம். 2011இல் கியூபெல் குழு அதை உயர் தரம், தாழ் தரம் என்று இரண்டாக்கியது. நுண்ணோக்கியில் பத்துப் புலங்களில் ஏழு செல் பிரிவுகளாவது தெரிந்தால், அல்லது கரு விகாரப்பட்ட செல்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருந்தால், உயர் தரம். அந்த ஆய்வில் உயர் தரக் கட்டி கொண்ட நாய்களின் சராசரி ஆயுள் நான்கு மாதத்துக்கும் குறைவு. தாழ் தரத்தில் இரண்டு ஆண்டுக்கும் மேல். முதலாவது என்றால் பக்கத்து நெறியையும் பார்த்துக் கீமோவுக்குத் தயாராக வேண்டும். இரண்டாவது என்றால், ஓரம் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தால், வீட்டுக்கு அனுப்பிவிடலாம். விடை முடிவை மாற்றும் சோதனைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இங்கும் அனுப்பும் கை சுத்தமாக இருக்க வேண்டும். குறுகிய வாய் உள்ள மருந்துப் பாட்டிலில் மிருதுவான கட்டியைத் திணித்துவிட்டால், ஃபார்மலினில் இறுகிய பிறகு அதை வெளியே எடுக்கவே முடியாது. நான் அகன்ற வாய் ஊறுகாய்ப் பாட்டில்களைக் கழுவிக் காயவைத்து அடுக்கி வைத்திருக்கிறேன். கட்டியின் அளவைப்போலப் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். தலைப்பக்கம் எது என்று ஒரு நூல் முடிச்சுப் போட்டு அனுப்பினால், எந்த ஓரத்தில் மிச்சம் இருக்கிறது என்று திசு மருத்துவர் சொல்லுவார்.

பெண் நாய்களின் மடிக்கட்டிக்கும் திசுச் சோதனை தேவைதான், ஆயினும் அங்கே அது அறுவைக்கு முன்னால் முடிவை அவ்வளவாக மாற்றுவதில்லை. ஏறத்தாழப் பாதிக் கட்டிகள் சாதுவானவை, 3 செ.மீ.க்குக் கீழ் உள்ளவை, நெறிக்குப் பரவாதவை நன்றாகப் போகும். எப்படியும் எடுத்தாக வேண்டும். மடி முழுதும் சூடாகச் சிவந்து, பால் கட்டிய வீக்கம் போலத் தோன்றும் அழற்சிப் புற்று மட்டும் விதிவிலக்கு: அதை வெட்டினால் நாய்க்கு வேதனைதான் கூடும். கத்தி எடுக்கும் முன் ஊசி வைத்துப் பார்ப்பது அந்த ஒன்றுக்காகவே தகும்.

மூன்றாவது வழி லிம்போமாவுக்கு உரியது: புற்றானது நிணநீர்ச் செல்களின் பி, டி என்ற இரு வகைகளில் எது என்று அறிவது. திசுவில் செல்லின் வகையைக் காட்டும் சி.டி.3, சி.டி.20 ஆகிய குறிகளுக்குச் சாயமேற்றிப் பார்க்கலாம், செல்களை ஒளிக்கற்றையில் ஓடவிட்டு வகை பிரிக்கும் புளோ சைட்டோமெட்ரி கருவியில் செலுத்தலாம், செல்லின் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பார் (PARR) எனப்படும் பி.சி.ஆர். முறையில் பழைய சில்லிலிருந்துகூடப் பார்க்கலாம். மூன்றில் இரண்டு பங்கு நாய்களுக்குப் பி வகை. நான்கு மருந்து கீமோவில் அதன் சராசரி ஓராண்டை ஒட்டி வரும். டி வகை பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மாதம். டி என்றதும் கைவிட்டுவிடக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு: டி மண்டல லிம்போமா என்ற மெதுவான வகையில் நாய்கள் கடும் கீமோ இல்லாமலே ஆண்டுக்கணக்கில் இருக்கின்றன, அதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுவது புளோ சைட்டோமெட்ரி. 25 வார கீமோவுக்கு ஒரு குடும்பம் தன்னைக் கட்டிக்கொள்வதா வேண்டாமா என்ற இடத்தில் இந்த விடைக்கு எடை இருக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ, 1903இல் தொடங்கி இன்று சென்னை வேப்பேரியில் இருக்கும் கல்லூரியிலோ கேட்டு, எந்தச் சோதனைக்கு எந்த மாதிரி எந்தப் பாத்திரத்தில் வேண்டும் என்று உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு நாயின் மேல் ஊசி வைப்பதே முறை.

நான்காவது, மகன் கேட்டது. இதில் இரண்டு கிளைகள். கட்டியின் மரபணுவைப் படிப்பது ஒன்று: மாஸ்ட் செல் கட்டியில் கிட் மரபணுவின் குறிப்பிட்ட மாற்றம் இருந்தால் டோசெரானிப் மாத்திரை கேட்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று அந்த மருந்தின் ஆய்வே காட்டியது, நாய்ப் புற்றுக்கென்றே அமெரிக்க அரசு 2009இல் முதன்முதலில் அனுமதித்த மருந்து அது. மருந்து கைக்குக் கிடைக்குமானால் அந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு. காலி (Collie) என்ற மேய்ப்பு இன நாய் வைத்திருப்பவர்களுக்கு, மருந்தைச் செல்லிலிருந்து வெளியேற்ற உதவும் எம்.டி.ஆர்.1 மரபணுவுக்கான சோதனையும் அவசியம். அதில் மாற்றம் இருந்தால் வின்கிரிஸ்டினும் டாக்சோரூபிசினும் வழக்கமான அளவிலேயே நஞ்சாகும்.

மற்றொன்று, உயிருள்ள லிம்போமாச் செல்களை ஆய்வகத்தில் ஒவ்வொரு மருந்தோடும் வைத்துப் பார்த்து, முன்பு சிகிச்சை பெற்ற நாய்களுக்கு நேர்ந்ததோடு கணினி ஒப்பிட்டு, இந்த நாய்க்கு எது கேட்கும் என்று வரிசைப்படுத்துவது. கருத்தளவில் இதை நான் மிகவும் மதிக்கிறேன்; நூறு நாயின் சராசரியை விட்டுவிட்டு இந்த ஒரு நாயின் செல்லையே கேட்பது எவ்வளவு பெரிய முன்னேற்றம்! இருந்தாலும் கணபதியில் நிற்கும் நாய்க்கு இன்று அது உதவுமா என்று பார்த்தால் மூன்று தடைகள் தெரிகின்றன. செல் உயிரோடு போய்ச் சேர வேண்டும். விமானம், சுங்கம், வெயில் எல்லாம் அதற்கு எதிரி. விடை வரும் வரை மருந்தை நிறுத்திவைத்தால், நான்கு முதல் ஆறு வாரமே ஆயுள் உள்ள நோயில் அந்தக் காத்திருப்பே பெரிய இழப்பு. மூன்றாவது, அந்தக் கணினி கற்றது வாரம் தவறாமல் மருந்து வாங்கிய அந்நாட்டு நாய்களிடம். உண்ணிக் காய்ச்சலோடு வரும், தேர்த்திருவிழாவுக்கோ மஞ்சள் அறுவடைக்கோ ஒரு வாரம் தள்ளிப்போகும் நம் நாய்க்கு அதே விடை பொருந்தும் என்று யாரும் உறுதி தர முடியாது. முதல் மருந்து கேட்காமல் போன நாய்க்கு அடுத்து எது என்ற கேள்வி வரும்போது இப்படிப்பட்ட சோதனை பக்கத்திலேயே கிடைத்தால், நான் முதல் ஆளாக அனுப்புவேன்.

ஐந்தாவது வழியைச் சோதனை என்று யாரும் எண்ணுவதில்லை: மருந்தைத் தொடங்கி, முதல் சில வாரங்களில் கட்டி எப்படி நடந்துகொள்கிறது என்று அளப்பது. லிம்போமாவில் நெறி முழுதும் வற்றி நோய் அடங்கும் நாயின் ஆயுள் ஒரு கணக்கு, பாதியில் நின்றுவிடும் நாயின் ஆயுள் வேறு கணக்கு. அதனால் முதல் மருந்துகளுக்குக் கிடைக்கும் பதிலே அந்த நாய் தானே எழுதித் தரும் முன்னறிவிப்பு. நெறிகளின் நீளங்களைக் கூட்டினால் 30 விழுக்காடாவது குறைய வேண்டும், அப்போதுதான் மருந்து ஓரளவேனும் கேட்டது என்று கணக்கு. எல்லா நெறியும் இயல்பு அளவுக்கு வந்தால் நோய் முழுதாக அடங்கியது என்று பொருள். தெருநாய்களிடமிருந்து தொற்றும் பிறப்புறுப்புக் கட்டிக்கு இந்த வழியே போதும். சில்லில் குமிழிகள் நிறைந்த செல்லைப் பார்த்து உறுதி செய்துவிட்டு, வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி. நான்கு முதல் ஆறு வாரத்தில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் முழுக் குணம். பெரிய கட்டி, முதிய வயது, வெப்பமும் மழையும் மிகுந்த மாதங்கள் ஆகியவை குணமாகும் நாளைத் தள்ளிப்போடுகின்றன என்று பிரேசிலில் நடந்த ஓர் ஆய்வு கண்டது. ஊசி இரண்டு கூடும் என்று வீட்டாரிடம் முன்பே சொல்லி வைக்க அது உதவுகிறது.

பட்டறைக்காரருக்கு நான் சொன்ன யோசனை, முதலாவதையும் மூன்றாவதையும் ஐந்தாவதையும் சேர்த்துச் செய்வது. அன்றைக்கே இரத்தமும் மூன்று எக்ஸ்ரேயும் எடுத்தோம்; கால்சியம் சரி, நெஞ்சில் கட்டி இல்லை, எர்லிக்கியா இல்லை. பி-டி வகைக்கான மாதிரியை அனுப்பிவிட்டு, அதன் விடைக்குக் காத்திராமல் முதல் வின்கிரிஸ்டினைப் போட்டோம், ஏனென்றால் இரண்டு வகைக்கும் முதல் ஊசி ஒன்றேதான். வெளிநாட்டுச் சோதனைக்கு மகன் ஒதுக்கிய பணம் டாக்சோரூபிசினுக்கும் வாராவாரம் பார்க்கும் இரத்த எண்ணிக்கைக்கும் போயிற்று. நெறியை எப்படி அளப்பது என்று நான் காட்டத் தொடங்கியதும் அவர் சட்டைப்பையிலிருந்து தம் வெர்னியர் காலிப்பரை எடுத்தார். "இதுல பாத்தா மில்லி தப்பாதுங்க," என்றார். ஒவ்வொரு ஞாயிறும் ஆறு நெறியையும் அளந்து, பட்டறையின் ஆர்டர் நோட்டில் கடைசிப் பக்கத்தில் எழுதி வந்தார்: முட்டிக்குப் பின் வலது, முதல் நாள் 42, முதல் வாரம் 25, மூன்றாம் வாரம் 9. இரண்டாம் வாரம் வகை தெரிந்தது, பி. ஓராண்டை ஒட்டி என்று சொன்னேன்; நடுவில் நிற்கும் நாயின் கணக்கு அது என்பதையும் மறுபடி சொன்னேன்.

கீமோ முடிந்த பிறகும் அவர் அளப்பதை நிறுத்தவில்லை. பதினோராம் மாதத்தில் ஒரு ஞாயிறு இரவு தொலைபேசியில் அழைத்தார். நாய் நன்றாகத்தான் இருந்தது, அன்று மாலைகூடப் பட்டறை வாசலில் பந்தைத் துரத்தியிருந்தது. "ரெண்டு வாரமா 9லயே நின்னுட்டிருந்ததுங்க டாக்டர், இன்னிக்கி 14 காட்டுது. ரெண்டு தடவ அளந்து பாத்துட்டனுங்க. காலையில கூட்டிட்டு வரட்டுங்களா?"